ஐயாவின் இடது கை

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். மறதியும் வந்துவிட்டது. ஐயாவை அறிந்தவர்கள் அவரைப் பற்றி எழுதித் தரலாம் என்று அவருடைய கிறிஸ்தவக் கோயிலில் சொன்னார்களாம். வேதக்காரி இல்லாத என்னை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா இளம் வயதில் கொழும்பில் ஆர்கன் வாசித்தவர். பெரிய மண்டபங்களில் பாட்டுக்காரர்களை நிறுத்தி நடத்தியவர். தாயாருக்குச் சுகமில்லை என்று மாத்தளைக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். நான் அவர் வீட்டில் சமைத்தேன், துவைத்தேன். மழை மாதங்களில் பியானோவுக்குள் ஒரு பல்பு எரியும். ஈரத்தில் கட்டைகள் இறுகிவிடாமல் இருக்க அது. வந்த புதிதில், பியானோவுக்கு விளக்கு வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஐயா என்ன வேலை பார்க்கிறார் என்று அம்மாவிடம், அதாவது ஐயாவின் மனைவியிடம், கேட்டேன். "கண்டக்டர்" என்றார். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர். அதையே போய் என் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அப்பா தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார்.

"கண்டாக்கையா, எங்க காம்பரா கூரை ஒழுகுதுங்க. நம்ம தோட்டத்துத் தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லி நல்ல காம்பராவா வாங்கித் தாங்க."

ஐயா சிரித்துவிட்டார். "நான் அந்தக் கண்டக்டர் இல்லப்பா. பாட்டுக்காரங்க முன்னாடி நின்னு கைய ஆட்டுற கண்டக்டர்."

அப்பா ஐயாவின் கையைப் பார்த்தார். "கைய ஆட்டுறதுக்காங்க சம்பளம்?"

அம்மா சமையலறைக்குள் ஓடி வந்து சிரித்தார். அப்பா பழத்தை மட்டும் திரும்பக் கொண்டுபோகவில்லை.

கோயிலில் ஆர்கனுக்குப் பின்னால் ஒரு மரக் கைப்பிடி உண்டு. அதை மேலும் கீழும் அமுக்கினால்தான் உள்ளே காற்று ஏறும், சத்தம் வரும். ஞாயிறுகளில் அது என் வேலையானது. அங்கிருந்து பலகைதான் தெரியும். ஐயா வாசிப்பதையோ பாட்டு நடத்துவதையோ நான் முகம் பார்த்துக் கண்டதில்லை.

பாட்டுப் பழக்கம் வீட்டு முன்னறையில் நடக்கும். கவர்மெண்டுக் கச்சேரிக் கிளார்க்குகள், ஒரு நர்ஸ், டீச்சர்மார் வருவார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது அவர் முதுகைப் பார்ப்பேன். வலது கை தாளம் போடும். இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் கவிழ்த்தால், அடக்கிப் பாடு என்று அர்த்தம்.

"மாஸ்டர் இடது கையத் தூக்கினா வீட்டுல புள்ள தூங்குதுன்னு நெனச்சுக்கணும்" என்று நர்ஸ் சொல்வாள். அந்த வீட்டில் பிள்ளை இல்லை. ஐயாவும் சேர்ந்து சிரிப்பார்.

வாரம் ஒருமுறை நாவுல என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அப்படிப் போன ஒருநாள் பையை இடது கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார். வாய் கோணியிருந்தது. வலது கை துணிபோலத் தொங்கியது. ஆஸ்பத்திரி, எண்ணெய், எல்லாம் பார்த்தோம். வாய் நேரானது. கை திரும்பவில்லை. பியானோவை மூடினார்கள். கோயில் ஆர்கனை அம்மா வாசித்தார்.

சபைப் பெரியவர் ஒருவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "மாஸ்டர், கண்டியில ஒரு ஆள் இருக்காரு. நீங்க இனி ஓய்வெடுங்க."

"பெரிய வெள்ளிக்கு நான் நிக்கிறேன். அது சரியா வரலன்னா அவரக் கூப்பிடுங்க" என்றார் ஐயா.

முதல் பழக்கத்திலேயே பாட்டு தொண்டைக்குள் போய்விட்டது. இருந்தது இடது கை மட்டும். அதைத் தூக்கியதும் எல்லோரும் ரகசியம் பேசுவதுபோலப் பாடினார்கள்.

"ஏன் முழுங்குறீங்க? பாடுங்க!"

"நீங்கதானே மாஸ்டர் கையத் தூக்குறீங்க" என்றார் ஒரு கிளார்க்.

ஐயா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி இதுதான் தாளம் என்று பொறுமையாகச் சொன்னார். சரி மாஸ்டர் என்பார்கள். பலமாகத் தொடங்குவார்கள், உள்ளங்கை கவிழ்ந்ததும் தானாக இறங்கிவிடுவார்கள். எத்தனையோ வருஷப் பழக்கம். கடைசிப் பழக்கத்திலும் அப்படித்தான். அன்று ஐயா சாப்பிடவில்லை.

பெரிய வெள்ளியன்று ஆர்கன் வாசிப்பதில்லை, அது அவர்கள் வழக்கம். மற்ற வருஷங்களில் அன்று நான் வீட்டில் கஞ்சி காய்ச்சுவேன். அந்த வருஷம் படியேற ஐயாவைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். முன் வரிசை வாங்குப் பலகை ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தேன். அங்கிருந்து ஐயாவின் முகம் தெரிந்தது.

கையைத் தூக்கினார். பாட்டு வந்தது, ஆனால் மிக மெல்ல. பின் வாங்குக்காரர்கள் காது கொடுக்க முன்னால் சாய்ந்தார்கள். அவர் கண் ஒருமுறை சபைப் பெரியவர் பக்கம் போனது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் சத்தத்தை ஏற்றப் பார்க்கவில்லை. கையை இன்னும் தாழ்த்தினார். பாட்டும் இன்னும் தாழ்ந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நம் பெயரைச் சொல்வதுபோல இருந்தது எனக்கு. ஐயாவின் கன்னம் நனைந்திருந்தது. துடைக்க அவருக்கு வேறு கை இல்லை.

முடிந்ததும் பெரியவர் வந்தார். கண்டி ஆளின் பேச்சே எடுக்கவில்லை. "ஈஸ்டருக்கு என்ன பாட்டு மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஐயா சொன்னார்: "ஒங்கப்பாகிட்டச் சொல்லு, இப்ப ஒரு கையத்தான் ஆட்டுறேன்னு."

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது அப்பாவும் அதற்கு முன்னமே கப்பலேறிவிட்டார். ஐயாவுக்கு அது மறந்திருந்தது. சொல்றேங்க என்றேன்.

சாகும்வரை அவரே நடத்தினார். பிறகுதான் கண்டி ஆள் வந்தார். முதல் நாளே, "இந்தக் கோயில்ல ஏன் எல்லாரும் இப்படி மெதுவாப் பாடுறீங்க?" என்று கேட்டார். அம்மா ஆர்கன் முன்னால் இருந்தார். பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். பாட்டுக்காரர்கள் பிறகு பலமாகப் பாடினார்கள். அம்மாவும் பலமாக வாசித்தார். அன்று எனக்குக் காற்றடித்து மாளவில்லை.

எந்த வருஷம் என்று எனக்கு நிச்சயமில்லை. பெரிய வெள்ளிப் பாட்டின் பெயரும் தெரியாது. கையைப் பற்றிச் சொன்னவர் கிளார்க்தானா, டீச்சரா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்று பாடியவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துப் பார்த்து, பிழையைத் திருத்திவிடுங்கள்.