சரிந்துபோன கடி

செலஸ்ரீனாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. இத்தாலியின் பலெர்மோவில் இருபத்தெட்டு வருடமாக வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். ஒரு வருடமாக எதைச் சாப்பிட்டாலும் இடது கன்னத்தின் உட்சதை பல்லில் அகப்பட்டது. ஆறுவதற்குள் அதே இடம் மறுபடியும் கடிபடும். பல்லரோச் சந்தையில் வாங்கிய கணவாயைக் குழைய அவித்தும் பலனில்லை.

"வயசு போனால் எல்லாருக்கும் உப்பிடித்தான்," என்றார் கணவர் விமலராஜ், முறுக்கைக் கடித்தபடி.

"உங்களுக்கு வயசு போகேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையோடு எழுந்து போனாள்.

பல் டாக்டர் கிளறா ஒரு தட்டையான மரக்குச்சியை வாய்க்குக் குறுக்கே வைத்துக் கடிக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் குச்சி இடப்பக்கம் சரிந்து நின்றது.

"இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பற்களை எப்போது பிடுங்கினீர்கள்?"

முப்பத்தெட்டு வயதில். பற்களைக் காப்பாற்றலாம், ஐந்து தடவை வரவேண்டும் என்று அப்போதைய பல் டாக்டர் சொன்னார். அப்போது வேலை செய்த வீட்டு எசமானியான சிஞ்ஞோரா ஒருநாள்தான் லீவு தந்தார். இரண்டையும் பிடுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

எதிரே பல் இல்லாததால் மேற்பற்கள் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தன. வலப்பக்கமே மென்று அங்குள்ள பற்கள் தேய்ந்திருந்தன. கடிக்கும் தளமே கோணிவிட்டது என்றார் டாக்டர். கீழே பல் கட்ட இடமில்லை. முதலில் மேற்பற்களை அராவிக் குறைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"நல்ல பல்லை வெட்டோணுமாம்! இவ்வளவு காலமா ஒருத்தரும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?"



பல்லை வெட்ட விடமாட்டேன் என்று இரண்டு வாரம் பிடிவாதமாக இருந்தாள். ஒருநாள் வேலை வீட்டில் பாண் சாப்பிடும்போது கன்னம் கிழிந்து வாயெல்லாம் இரத்தம். அதன்பிறகே சம்மதித்தாள். மேற்பற்களை அராவி மூடி போட்டார்கள். கீழே கழற்றிப் பூட்டும் பல். முதலில் உயரம் கூடித் தாடை நொந்தது. திருத்தினார்கள். பிறகு பல் உரசி முரசுச் சதை புண்ணானது. மறுபடியும் திருத்தினார்கள். நாலாம் முறை போனபின்தான் கன்னம் கடிபடுவது நின்றது.

"இனி வரத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டாள்.

"ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள். மற்றப் பற்கள் தேய்ந்துகொண்டும் நகர்ந்துகொண்டும்தான் இருக்கும்," என்றார் டாக்டர்.

அன்று மத்தியானம் சோற்றை வழக்கம்போல வலப்பக்கமே மென்றாள்.

"புதுப் பல்லாலையும் சாப்பிடன்," என்றார் விமலராஜ்.

"நாக்கு அங்கால போகுதில்லை! நான் என்ன செய்ய?"

கண்ணில் நீர் முட்டியது. ஒரு பிடி சோற்றை விரலாலேயே இடப்பக்கம் தள்ளிவிட்டு, கோபத்தோடு மென்றாள்.