தையல்கார மஜீடும் பித்றா அரிசியும்

சாய்ந்தமருதில் பாதி ஊர் பெருநாளைக்கு உடுத்த சட்டை மஜீட் தைத்ததுதான். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனாலும் கைமெசினைச் சுற்ற அவருக்குக் கை இருந்தது. மனைவி ஜெமீலாவும் பிள்ளைகளும் அவர் உழைப்பில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் நோன்பு முடிந்து பிறை கண்டால் போதும், ஏழைகளுக்குக் கொடுக்கிற பித்றா அரிசியைத் தூக்கிக்கொண்டு ஊர் அவர் வாசலுக்கு வந்துவிடும். தன் வீட்டுப் பித்றாவைத் தானே அளந்து கொடுக்கிற மனிதருக்கு இது எப்படி இருக்கும்! "எனக்கு வேணாம், நான் குடுக்கிறவன்" என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்ததுதான் மிச்சம். கால் இல்லாதவன் கையேந்தித்தான் ஆக வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

சொல்லிக் கேட்காதவர்களுக்கு நடித்துக் காட்டலாம் என்றார் அபூசாலி. அவருக்குக் கண் தெரியாது, கயிறு முறுக்கிப் பிழைப்பவர், மஜீடின் பழைய கூட்டாளி. எண்பத்தொன்றாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் போட்டார்கள். மஜீட் மேடையில் மெசினோடு மஜீடாகவே இருந்தார். அபூசாலி ஊராராக மாறி மாறி வந்து அரிசியைக் கொட்டினார். துணியும் ஊசியும் கையும் அரிசிக்குள் புதைந்தபோது மஜீட் சபையை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தைச்ச சட்டையப் போட்டுக்கிட்டுத்தானே எனக்குப் பிச்சை போட வாறீங்க?"

மண்டபமே அழுதது. முன்வரிசையில் கடைக்கார ஸைனுலாப்தீன் சால்வைக்குள் முகத்தைப் புதைத்து விம்மினார். இனியாவது விட்டுவிடுவார்கள் என்று மஜீட் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது!

அடுத்த நோன்பும் முடிந்தது. கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்தபோது அவருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. பிறை கண்டதை ஊருக்குச் சொல்லும் வெடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸைனுலாப்தீன் நின்றார், தோளில் ஒரு சாக்கு. அவருக்குப் பின்னால் முந்திய வருசத்தை விடப் பெரிய கூட்டம்.

"உங்கட நாடகத்தப் பாத்ததுல இருந்து மனசு கேக்குதில்ல காக்கா. அதான் இந்த முறை கூடக் கொண்டு வந்திரிக்கன்."

"தம்பி, அந்த நாடகமே..."

"மறுக்காதங்க காக்கா. எங்களுக்கும் நன்மை வேணும்தானே."

வந்தவர்கள் விறாந்தையில் கொட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கொட்டிய அரிசியை வேறு ஏழை வீடுகளுக்கு அனுப்ப ஜெமீலா அள்ளத் தொடங்கினாள்.

பெருநாள் தொழுகை முடிந்து அபூசாலி தடியைத் தட்டிக்கொண்டு வந்து கேட்டார்: "என்ன மச்சான், அடுத்த நாடகம் எப்ப?"

"போடுவம். ஆனா ஒருத்தனையும் அழ வைக்கப்படாது. சிரிக்க வைப்பம். சிரிக்கிறவன் அரிசி கொண்டு வரமாட்டான்."