இரண்டாவது முட்டை

மார்ச் 3, திங்கட்கிழமை. காலை 8.20 மணிக்குச் சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றை அடைந்தேன். கையில் இரண்டு முட்டைகள். என் மனைவி இறந்து நாற்பத்தோராம் நாள். அந்த ஊற்றில் இருவரும் முட்டை அவித்துத் தின்பதாகப் பேசி வைத்திருந்தோம்.

வாளி கொண்டுவர வேண்டும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், தம் சிவப்பு வாளியில் வெந்நீர் பிடித்து என்னிடம் நகர்த்தினார். நான் முட்டைகளை அதில் போட்டு, அடிக்கடி எடுத்துப் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்தேன்.

"வாத்தியாரா சார்? முட்டைக்குப் பரீட்சை வைக்கிறீங்களே."

ஆம், புவியியல் என்றேன். உடனே எனக்கே பாடம் தொடங்கியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குவளை வெந்நீரை முழங்காலில் ஊற்றிக்கொண்டார்.

"மொதல்ல இங்க சீனக் கம்பம், சின்ன கிராமம். அப்புறம் தண்ணிய பாட்டில்ல அடைச்சு வித்தாங்க. சண்டையப்போ ஜப்பான்காரன் வந்து குளிச்சான். எல்லாரும் போயிட்டாங்க. தண்ணி மட்டும் இன்னும் ஆறல லா."

திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

"ரெண்டாவது முட்டை யாருக்கு சார்?"

"மனைவிக்கு. பின்னால வர்றாங்க."

"போன் போட்டு அவசரப்படுத்தாதீங்க. இந்தத் தண்ணியில முட்டை கல்லாகாது, காத்துக்கிட்டிருக்கும். அவங்க வந்து சாப்பிடட்டும், நான் கெளம்புறேன்; வாளிய அடுத்த வாரம் குடுங்க."

என் பொய்யை அவர் நம்பினாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

செய்யாமல் விட்டவை:

வாளியைத் திருப்பித் தருவது.

அவர் பெயரைக் கேட்பது.

அவள் வரமாட்டாள் என்று அவரிடம் சொல்வது.