பறக்காமல் திரும்பிய விமானம்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் எங்கள் வீடு. என் கணவர் படகு வைத்து மீன் பிடிக்கிறார். நான் கரையில் மீனை ஏலம் எடுத்து கேளம்பாக்கம் கடைகளுக்கு அனுப்புகிறேன். எங்களுக்கு ஒரே பெண். பொத்தேரியில் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, "நான் பைலட் ஆவப் போறேன்" என்று வந்து நின்றாள்.

கடலுக்குப் போன ஆள் திரும்பும்வரை தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். இதில் மகளுக்காக வானத்தை வேறு பார்க்க வேண்டுமா? ஆனால் அவள் அப்பா ஒரே பேச்சில் சரி என்றுவிட்டார். ஈசிஆர் ஓரம் இருந்த மனையை விற்றுப் படிக்க வைக்கலாமாம். "எந்த ஸ்கூலுன்னு நீயே போய்ப் பாத்துட்டு வா. உனக்குப் புடிச்சாதான் சேக்கறது" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். எதைப் பார்த்தாலும் ஏதாவது குறை சொல்லிக் கவிழ்த்துவிடலாம் அல்லவா!

முதலில் போனது கேளம்பாக்கத்தில் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியின் அலுவலகம். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, விமானத்தின் முன்பக்கம் மாதிரியே செய்து வைத்த ஒரு பெட்டி. மகளை அதற்குள் உட்கார வைத்துத் திரையில் வானத்தைக் காட்டினார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், எங்ககிட்ட லீவுங்கற பேச்சே கெடையாது. மழையோ காத்தோ, பறக்கற ஹவர்ஸ் கணக்கு ஓடிக்கினே இருக்கும். மத்தவங்களுக்கு முன்னாடி லைசென்ஸ் கைக்கு வந்துடும்."

குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. "ஏசி ரொம்ப ஜில்லுனு கீதுடி" என்றேன். மகள் முறைத்தாள்.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிடலாம் என்று இழுத்தடித்தேன். செங்கல்பட்டில் ரயில் ஏறி, மறுநாள் காலை வெளியூரில் இறங்கினோம். அங்கே ஒரு சின்ன விமான மைதானம். தகரக் கொட்டகை, கால் ஆடுகிற நாற்காலி, ஆறிப்போன டீ. அப்பாடா, குறைக்குப் பஞ்சமே இல்லை! ஆனால் சேருவதற்கு முன்பே ஒரு தடவை மேலே கூட்டிப்போய்க் காட்டுவார்களாம். சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு பெண். என் மகளும் அவரும் ஏறிக்கொண்டார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கங்கையம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். விமானம் உருண்டு போய் ஓடுபாதை முனையில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. காற்றின் போக்கைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை சட்டென்று பக்கவாட்டில் புடைத்து, தொங்கி, மறுபடி புடைத்தது. பிறகு பார்த்தால், விமானம் திரும்பிக் கொட்டகைக்கே வந்துவிட்டது.

"சாரிம்மா, காத்து ஒரு நிலையா இல்ல. இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வாங்க" என்றார் அந்தப் பெண். அதற்கு மேல் சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. என் மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

நாங்கள் ரயில் நிலையம் வந்து சேர்ந்தபோது காற்றையே காணோம். வெயில் சுள்ளென்று அடித்தது. "பாத்தியாம்மா, ஒண்ணுமே ஆவல! சும்மா பயந்துகினு திருப்பிட்டாங்க. கேளம்பாக்கத்து ஸ்கூல்லயே சேத்துவுடு" என்றாள் மகள்.

எனக்கோ வேறு நினைப்பு. என் கணவரும் சில நாள் விடிகாலையில் படகைத் தள்ளப் போய், கடலைப் பார்த்துவிட்டு வலையோடு திரும்பிவிடுவார். அன்று பகல் முழுக்கக் கடல் குளம் மாதிரி கிடந்தாலும் எங்கள் குப்பத்தில் யாரும் அவரைக் கேலி பண்ண மாட்டார்கள். வீட்டில் பச்சை மீன் இருக்காது. கருவாட்டுக் குழம்புதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கல்யாணமான நாளிலிருந்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டதெல்லாம் அந்தக் கருவாட்டுக் குழம்புதான்.

புதிதாகச் சேர வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா வேலியோரம் நின்று பார்க்கிறாள். அப்படியும் வெட்கப்படாமல் திரும்பி வந்தாரே, சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெண்! கெடுக்கப் போன நானே, "சேந்தா இங்கதான்டி சேரணும். இல்லன்னா வூட்டுலயே கெட" என்று கத்தினேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ரயிலில் மகள் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "இன்னா, புடிச்சிதா?" என்று கேட்டார் அவள் அப்பா.

"பறக்கவே இல்ல. காத்து சரியில்லன்னு திரும்பிட்டாங்க."

"அப்ப அங்கியே சேத்துடு" என்று சொல்லிவிட்டு, வலையைப் பிரிக்கப் போய்விட்டார்.

இப்போது அவள் அங்கே தனியாகவே விமானம் ஓட்டுகிறாள். அவள் பறக்கிற நாளெல்லாம் என் உயிர் என்னிடம் இல்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்? போன வாரம் ஒரு நாள் சீக்கிரமே போன் வந்தது. ஓடுபாதை முனைவரைக்கும் தனியாகப் போனாளாம். "காத்து எனக்குப் புடிக்கலம்மா. நானே திருப்பிகினு வந்துட்டேன்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுக் கருவாட்டை எடுத்து ஊறப்போட்டேன். அன்று எங்கள் வீட்டில் பச்சை மீன் நிறையவே இருந்தது. பறக்கச் சொல்லிக்கொடுக்க எத்தனையோ இடம் இருக்கும். திரும்பி வரவும் சொல்லிக்கொடுத்த இடத்தில் என் பெண்ணைச் சேர்த்தேன் என்கிற நிம்மதியோடுதான் இன்றைக்கும் நான் வானத்தை அண்ணாந்து பார்க்கிறேன்.