வேங்கடசாமி கொண்டுபோன மீசை

சலூன் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது. கத்தியைத் தீட்டிக்கொண்டே முத்து சொன்னார்: "பினாங்குக்காரவுக போயிட்டாகண்ணே. விடியக்காலம்."

நம் வேங்கடசாமி. என் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. ஏன் என்று அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்காக எழுதுகிறேன்.

பினாங்கில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்து ஊர் திரும்பியவர். அடக்கம் மருந்துக்கும் கிடையாது. டீக்கடைக்குள் நுழையும்போதே, "என்ன, ஓராங் ஓராங்" என்பார். மலாயில் ஓராங் என்றால் ஆள்; இரண்டு தரம் சொன்னால் ஆட்கள். "பன்மைக்கு விகுதியே கெடையாது பாத்தியா, சிக்கனமான சனம்."

அறுபதுகளின் கடைசியில் ஒரு பட்டிமன்றம். மலாய் தமிழின் பிள்ளை என்று முழங்கினேன். கப்பலுக்கு அங்கே காப்பால், கடைக்குக் கெடாய். கைதட்டலில் மீசையை முறுக்கிக்கொண்டேன். அப்போது முறுக்கும்படி ஒன்று இருந்தது. அவர் எழுந்தார்.

"ஏலே, உங்க வீட்டுத் தெலுங்குல கண்ணுக்கு என்ன?"

"கன்னு."

"அது சொந்தம். மலாய்ல கண்ணு, மாத்தா. கப்பலும் கடையும் யாவாரத்துல போன சரக்கு. சொந்தத்தக் கண்ணுல தேடு, கடையில தேடாத."

அத்தோடு விடுவாரா? மலாயின் பங்காளி மொழிகள் கிழக்கே பசிபிக் தீவுகளிலும், மேற்கே ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கரிலும் இருக்கின்றன என்றார். பக்கவாட்டில் மிதவைக் கட்டை கட்டிய பாய்மரப் படகில் கடல் கடலாகப் போன சனமாம். கூட்டம் சிரித்தது.

"புளுகுனா உங்க மீசை, நெசம்னா என் மீசை," என்றேன்.

"நெசம்னா, நான் உசுரோட இருக்குற வரைக்கும் நீ மீசை வைக்கக் கூடாது," என்றார்.

சாட்சி பக்கத்துப் பந்தல்குடியில் கிடைத்தார். கப்பல் சமையல்காரராக மடகாஸ்கர் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தவர். பிறகு லாரி ஓட்டினார். இருவரையும் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து நானே கேட்டேன். வேங்கடசாமி மலாயில் சொல்ல வேண்டும். டிரைவர் அந்தத் தீவுப் பேச்சில்.

"வானம்?"

"லாங்கிட்," என்றார் இவர். "லானிட்ரா," என்றார் டிரைவர்.

"நெருப்பு?"

"ஆப்பி." "ஆஃபு."

மீசையைத் தடவிக்கொண்டே கேட்டேன்: "செத்துட்டான்?"

"மாத்தி," என்றார் வேங்கடசாமி.

டிரைவர் டீயைக் கீழே வைத்தார். "அங்கயும் மாத்திதான். அண்ணாச்சி எப்ப மடகாஸ்கர் போனீக?"

வேங்கடசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. மீசையைத்தான் பார்த்தார். ஊர் திரும்பும்வரை பஸ் முழுக்க "ஓராங் ஓராங்" என்று ஒரே கூச்சல். வீட்டில் மழித்த முகத்தைப் பார்த்த அம்மா, யார் செத்தது என்று தெலுங்கில் பதறினார். மீசைதாம்மா என்றேன்.

இன்று முத்து கத்தியை நிறுத்திக் கேட்டார்: "இனி வச்சுக்கலாமேண்ணே. பந்தயந்தான் முடிஞ்சிருச்சே."

மேலுதட்டு நுரையை விரலால் ஒதுக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஜெயித்த இடம் மொட்டையாக, பளபளவென்று இருந்தது. அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த மேலுதடு ஒன்றுதான்.

"எடுத்துரு முத்து," என்றேன். "அவுகதான் மாத்தி. சொன்ன சொல்லு உசுரோடதான இருக்கு."