யாசின் மேல் விழுந்த பிழை

யாசின் போய்விட்டார் என்று தந்தி வந்தபோது நான் விடுமுறையில் அன்னவாசலில் இருந்தேன். படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று சொல்லத் தெரியாது.

நம் கணிப்பொறிக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றித் தெரியாதது ஒன்று உண்டு.

லிஸ்ப் மொழியில் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை நாங்கள் இருவரும் எழுதினோம். வேகம் எவ்வளவு, பிழைச் சோதனை எவ்வளவு என்று அதற்குச் சொல்லும் அமைப்புகள் அவர் பொறுப்பு. சோதனையை நிறுத்தினால் புரோகிராம் வேகமாக ஓடும்; தப்பான விடையையும் தயங்காமல் தரும்.

ஒருநாள் என் சிறு வேலைக்காக, கட்டளை துளையிட்ட அட்டை ஒன்றைப் போட்டுச் சோதனையை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்தேன். பின்னால் வந்தவர்களின் புரோகிராம்கள் எல்லாம் சோதனையில்லாமலே இயந்திர மொழிக்கு மாறின. அணைக்கட்டுக் கணக்கு ஒன்று தப்பாகி, பொறியாளர்கள் அதை வைத்து வரைபடமே போட்டுவிட்டார்கள். இயக்குநர் எல்லார் முன்னிலையிலும் யாசினைக் கேட்டார். யாசின் தன் பொறுப்பு என்று மட்டும் சொன்னார். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவர் போக வேண்டியது. என் பெயரைப் போட்டார்கள்.

அந்தக் கோடையில் பஸ் ஏறி அவர் ஊரான ஜெகதாப்பட்டினம் போனேன். வலை காயும் முற்றத்தில் தாள்கள் பறக்காமல் கல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் செய்ததைச் சொன்னேன்.

"தெரியும்ங்க. நிறுத்தச் சொன்ன அட்டையில ஒங்க பேரு இருந்துச்சே."

மறதி யாருக்கும் வரும், ஒருவர் வைத்த அமைப்பை அவர் வேலை முடிந்ததும் கம்பைலரே எடுத்திருக்க வேண்டும், அதை எழுதாதது தன் தப்பு என்றார். அதைத்தான் அப்போது எழுதிக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சோதனை முழுதாக இருக்கும்படியும் வைத்திருந்தார். எல்லாம் மெதுவாகிவிடுமே என்றேன்.

"வேகம் வேணுங்குறவங்க கேட்டு வாங்கிக்கிடட்டும். சோதனை கேக்காமலே இருக்கணும்."

இயக்குநரிடம் நானே சொல்கிறேன் என்று கிளம்பினேன். சொல்லவில்லை. கப்பலேறினேன். திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தந்தி கிடைத்த மறுநாள் ஜெகதாப்பட்டினம் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. நாலு நாள் காய்ச்சல்தான் என்றார் அவர் அக்கா. தண்ணீர் கொடுத்துவிட்டு, "தம்பி ஒங்களப் பத்தி நெறயச் சொல்லும். நல்லா வேல பாப்பீங்கன்னு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அவர் எழுதிய பகுதி கம்பைலரில் இருக்கிறது. என்னிடம் இருப்பது, அவர் உயிரோடு இருக்கும்போது நான் சொல்லாத ஒரு வாக்கியம். அன்று சோதனையை நிறுத்தியவன் நான், யாசின் அல்ல. இந்தக் கடிதத்தின் ஒரு படியை இயக்குநருக்கும் அனுப்பியிருக்கிறேன்.