பழைய சீனுவும் புதுச் சீனுவும்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த ‘சூறாவளி சீனு’ தொடரை யாரோ ஒரு புண்ணியவான் இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியிலிருந்து அப்படியே பதிவு செய்து வைத்திருந்தாராம். விளம்பரங்கள், நடுவில் அறிவிப்பாளர் வந்து பேசுவது எல்லாமே அதில் இருக்கின்றன. அதற்குக் கீழே பெரிய சண்டை நடக்கிறது. முதல் பதினோரு வாரம் சீனுவுக்குப் பேசிய குரல்தான் குரல், பிறகு வந்தது வெறும் சத்தம் என்று ஒரு கூட்டம். பழைய குரல் ஒரே இழுவை, விசிலோடு வந்த சீனுதான் சீனு என்று இன்னொரு கூட்டம். எல்லோரும் கல்யாணமாகி முன்வழுக்கை ஏறிய ஆட்கள் என்று அவர்கள் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் இழுக்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றும் எழுதவில்லை. என் கருத்தை அப்போதே அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டேன்.

சீனு பன்னிரண்டு வயதுப் பையன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் குட்டு வாங்குகிறவன். ஆபத்து என்று வந்தால் முகமூடியை மாட்டிக்கொண்டு பம்பரமாகச் சுழல்வான். காற்று கிளம்பும். புழுதி மன்னன் என்ற வில்லன் பறந்துபோய் எங்காவது விழுவான். எந்த நாட்டில் எடுத்த தொடர் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பனி பெய்கிற ஊரில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு சீனு எங்கள் தெருப் பையனைப் போலப் பேசினான். “காத்து வாங்க வந்தியா? இந்தா, வாங்கிக்கோ” என்று வில்லனைப் பார்த்துச் சொல்வான். இரண்டுக்கும் நடுவில் மூக்கால் ‘ஹ்ம்’ என்று ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் நாங்கள் ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்தோம்.

அந்த ‘ஹ்ம்’ என் சித்தியுடையது. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் டப்பிங் பேசுவாள். சின்னப் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது அந்தத் தொழிலில் சாதாரணம். மூல மொழியில் சீனு அந்த இடத்தில் என்னவோ கத்துவான் போலிருக்கிறது. வாயசைப்பு நீளமாக இருக்கிறதே, எதைப் போட்டு நிரப்புவது என்று தெரியாமல் சித்திதான் இந்த வசனத்தைப் போட்டாளாம். அப்போதும் நடுவில் கொஞ்சம் வாய் மிச்சம் இருந்ததால் சிரித்துவிட்டாளாம்.

இது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியக் கூடாது என்று சித்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். “தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் அவங்களுக்கு டிவில சீனு தெரிய மாட்டான், நான்தான் தெரிவேன்” என்றாள். எனக்கு வயிறு வெடித்துவிடும் போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டேன்.

தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில்தான் தொடர் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் எதிர் வீட்டு அன்வர் அண்ணன். எட்டாம் வகுப்பு. அவருடைய வாப்பாவுக்குப் பம்மலில் தோல் கையுறை தைக்கிற பட்டறை இருந்தது. சீனு விஷயத்தில் அன்வர் அண்ணன் சொன்னதுதான் தீர்ப்பு.

எங்கள் வீடு பொழிச்சலூரில் இருக்கிறது என்றால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மிச்சம் சொல்ல வேண்டாம். விமான நிலையம் பக்கத்திலேயே, மொட்டை மாடியை உரசுவதுபோல விமானம் இறங்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும், அரை நிமிடம் டிவியில் வாய் மட்டும் அசையும். சரியாகச் சீனு முகமூடியை மாட்டும்போதுதான் ஒரு விமானம் வரும். அப்போதெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் சித்தி, கையைக் கீரையிலிருந்து எடுக்காமலே, விமானத்தையும் மீறி அந்த வசனத்தைச் சொல்வாள். வாயசைப்போடு அச்சாகப் பொருந்தும், சிரிப்பு உட்பட. சித்தி பிரமாதமாக மிமிக்ரி செய்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். விமானச் சத்தம் கேட்டதும் எல்லாத் தலைகளும் டிவியை விட்டுச் சித்தி பக்கம் திரும்பும். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

பிறகு சித்தியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. ஒரு வாரம் கழித்துக் கழுத்தில் பெரிய பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தாள், குரல் வரவில்லை. காற்றும் கரகரப்பும் கலந்து ஏதோ வந்தது. நரம்பு அயர்ந்திருக்கிறது, பயிற்சி செய்தால் மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பாமலும் போகலாம் என்று அவர் சொன்னதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது வாரம் சீனு வேறு குரலில் பேசினான். வசனம் அதேதான், நடுவில் சிரிப்பு இல்லை. 

“இன்னாடா இது, சீனுக்குச் சளி புட்ச்சிகிச்சா?” என்றார் அன்வர் அண்ணன்.

அடுத்த வாரமும் அதே குரல் வந்ததும், ஆளை மாற்றிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். போராட்டம் தொடங்கியது. சீனு வரும் அரைமணி நேரமும் டிவிக்கு முதுகைக் காட்டி உட்காருவது என்று முடிவாயிற்று. உட்கார்ந்தோம். விளம்பரம் வந்தால் திரும்பிப் பார்க்கலாம் என்று சலுகை இருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த அலமாரிக் கண்ணாடியில் சீனு நன்றாகவே தெரிந்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

போராட்டத்தின் அடுத்த கட்டமாக ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினோம். ‘பழைய சீனுவை உடனே திருப்பித் தரவும்.’ சித்தி பயிற்சிக்காக ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பம்மல் மெயின் ரோட்டில் தபால் பெட்டி இருந்தது. அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அன்று அவள் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது.

கொஞ்ச நாளில் ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. சித்தியால் பேச முடியாததால் அம்மா பேசினாள். பிறகு சமையலறையில் அப்பாவிடம் அம்மா சொன்னதை நான் கேட்டேன். எல்லா ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பழைய குரல் வேண்டும் என்று எழுதுகிறார்களாம். அதனால் புது ஆளைச் சேனல் இன்னும் நிரந்தரமாக்கவில்லையாம். இப்படியே கடிதம் வந்துகொண்டிருந்தால் சித்தி குணமாகி வரும்வரை அந்த இடம் காத்திருக்குமாம். எனக்கு இது முழுக்கப் புரிந்தது. அந்த அளவுக்கு விவரம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, சரியான இடத்தில் விமானம் வந்தது. தலைகள் பழக்கத்தில் சித்தி பக்கம் திரும்பின. சித்தியும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டாள். வந்த கரகரப்பைக் கேட்டுப் பிள்ளைகள் ஒரு கணம் விழித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். வில்லன் குரல் சூப்பராக வருகிறது என்று அன்வர் அண்ணன் பாராட்டினார். சித்தி சிரித்தாள். அன்றிலிருந்து சித்தி எது பேசினாலும் எனக்கு அது புழுதி மன்னன் விளையாட்டாகவே கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட “ஐயோ புழுதி மன்னன்” என்று ஓடுவேன். அவளும் இரண்டடி துரத்துவாள்.

புதுச் சீனு வந்து ஆறாவது வாரம் ஒரு காரியம் செய்தான். சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு விசில் அடித்தான். “காத்து வாங்க வந்தியா?” என்று கேட்டுவிட்டு நீளமாக ஒரு விசில், பிறகு “இந்தா, வாங்கிக்கோ.” முதலில் திரும்பியது அன்வர் அண்ணனின் முதுகுதான். அடுத்த நாளே இரண்டு விரலை வாயில் வைத்து அதே விசிலை அடித்துக் காட்டினார். ஒரே வாரத்தில் தெரு முழுக்க விசில். குழந்தையைத் தூங்கவைக்க முடியவில்லை என்று நாலு வீட்டு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“பழசு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கொஞ்சம் இழுவ. இதான் கெத்து” என்றார் அன்வர் அண்ணன். போராட்டம் முடிந்தது. முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை, எல்லோரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்தோம், அவ்வளவுதான்.

நான் மட்டும் இன்னும் இரண்டு வாரம் பழைய சீனுவின் கட்சியில் இருந்தேன். விசுவாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு விசில் வரவில்லை. ஒரு நாள் குளியலறையில் திடீரென்று வந்துவிட்டது. அன்றைக்கே கட்சி மாறிவிட்டேன்.

அப்போதுதான் போட்டி அறிவித்தார்கள். சீனுவைப் பற்றி நாலு வரி அஞ்சலட்டையில் எழுத வேண்டும். நல்ல கடிதத்தை அறிவிப்பாளர் நிகழ்ச்சியில் வாசிப்பார், எழுதியவருக்குச் சீனுவின் முகமூடி. குறை சொல்கிறவர்களுக்கு யாரும் பரிசு தர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. யோசித்து எழுதினேன். புதுச் சீனு விசில் அடிப்பது மிகவும் நன்றாக இருக்கிறது, எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவனைத்தான் பிடிக்கிறது என்று எழுதினேன். இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. ‘பழைய சீனு இனிமேல் வரவேண்டாம்’ என்று அதையும் நிரப்பினேன்.

சித்தியை நினைக்கவில்லையா என்று கேட்டால், நினைத்தேன். சித்தி எங்கேயும் போகவில்லையே, வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அட்டையை முகவரிப் பக்கம் மேலே இருக்கும்படி நீட்டினேன். மறக்காமல் போட்டுவிடச் சொன்னேன். சித்தி தலையாட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து, தொடரின் நடுவில் அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். பொழிச்சலூர் என்றும் சொன்னார். பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தினார்கள். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். விசில் பற்றி நான் எழுதியதை அவர் வாசித்து முடித்து, கடைசி வரி என்று சொல்லும்போது மேலே விமானம் வந்துவிட்டது. கண்ணாடி அதிர்ந்தது. டிவியில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டு அழவே தொடங்கிவிட்டேன். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டபடி, வழக்கம்போல, சித்தி பக்கம் திரும்பினார்கள்.

சித்தி சுவரோரம் கீரையோடு உட்கார்ந்திருந்தாள். கை நிற்கவில்லை.

“பழைய சீனு,” என்றாள். மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. “இனிமேல் வரவேண்டாம்.”

அந்தக் கரகரப்பான குரலில், சரியான தாளத்தில். அன்வர் அண்ணன் வில்லன் வில்லன் என்று கைதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அம்மா மட்டும் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டுடியோவிலிருந்து பிறகு போன் வரவில்லை. என் ஓர் அட்டையால் அது நின்றது என்று சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் விசில் பழகிக்கொண்டிருந்திருப்பார்கள். முகமூடி தபாலில் வந்தது. எலாஸ்டிக்கைத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டது சித்திதான். இரண்டு நாளில் அறுந்துவிட்டது. சித்தியின் குரல் பாதிதான் திரும்பியது. இப்போது வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாள். வாயசைப்புக்குத் தக்கபடி எழுதுவதில் அவளுக்கு நல்ல பெயர்.

விமானச் சத்தத்தில் அந்த வரியை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அப்போது நான் யோசித்திருக்கிறேன். யோசித்து, அறிவிப்பாளரின் வாயசைப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று முடிவு செய்தேன். அவள் தொழிலே அதுதானே. பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இணையத்தில் அந்த நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்தேன். என் பெயர் வருகிறது, பொழிச்சலூர் வருகிறது. அறிவிப்பாளருக்குக் கிட்டப்பார்வை போலிருக்கிறது. என் எழுத்து வேறு எறும்பு எறும்பாக இருந்திருக்கும். அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கி, மூக்கில் படும்படி வைத்துக்கொண்டு வாசிக்கிறார். தொடக்கத்திலிருந்து கடைசி வரிவரை அவருடைய வாய் தெரியவே இல்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

அஞ்சலட்டைக்கு உறை கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து பம்மல் தபால் பெட்டிவரை ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். சித்தி படித்திருக்கிறாள். படித்துவிட்டு, நான் சொன்னபடியே, மறக்காமல் போட்டிருக்கிறாள்.